கட்டைவிரல் குழி

உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளும் லூபஸ் நோய் வந்து துரும்பாய் இளைத்துக் கிடந்த மகளின் எடை நேற்றைவிடக் கூடியிருக்கிறது. அம்மாவுக்கு வயிறு குளிர்கிறது. "இப்பதான் கொஞ்சம் சதை போட்டிருக்கா டாக்டர், முகத்தைப் பாருங்க," என்கிறாள். மகளுக்கு வெயில் ஆகாதென்று இழுத்துவிட்ட திரையை மீறி ஒரு கீற்று வெளிச்சம் கட்டிலின் கால்மாட்டில் விழுகிறது. டாக்டர் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கீற்றில் குனிந்து, மகளின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுக்கிறார். பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி அப்படியே நிற்கிறது. "யூரின் நுரையா போகுதா?" என்று மகளிடம் கேட்கிறார். அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்டுகிறாள். "இது சதை இல்லம்மா, நீர். கிட்னியை உடனே பார்க்கணும்." அம்மா காதில் விழாதவள்போல் அந்தக் குழியை அழுத்தி நீவிச் சரிசெய்யப் பார்க்கிறாள். கையை எடுக்கும்போது அவளுடைய நான்கு விரல்களும் அங்கே பதிந்திருக்கின்றன.