சத்தமில்லாமல் வந்த பார்ட்டி

காலை ஒன்பது மணிக்கு வீடு பார்க்கப் பார்ட்டி வருகிறது, எல்லாவற்றையும் பளிச்சென்று வையுங்கள் என்று வீட்டு ஓனர் திம்மப்பன் போனில் சொன்னார்.

பளிச்சென்றுதான் வைத்தேன். வீடு விற்றுப்போனால் காலி செய்ய வேண்டியது நாங்கள்தான். ஆனாலும் நாலு பேர் வந்து பார்க்கிற இடத்தில் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கொடியில் கிடந்த துணிகளை மடித்தேன். அடுப்பு மேடையைச் சோப்பு போட்டுத் தேய்த்தேன். கருவாட்டு டப்பாவைப் பரணில் ஏற்றினேன். கருவாட்டை ஒளிப்பது திம்மப்பனின் தனி உத்தரவு.

ஒன்றை மட்டும் மறுத்துவிட்டேன். படுக்கையறை ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டச் சொன்னார். அங்கே என் வீட்டுக்காரர் நல்லுசாமி நைட் ஷிப்ட் முடித்துவந்து படுத்திருந்தார்.

“பகல்ல அவரு தூங்கலன்னா கையே போயிரும் சார். நீங்களே வந்தாலும் ஜன்னல் தொறக்காது” என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓசூருக்கு வந்து இது எங்களுக்கு மூன்றாவது வீடு. இதற்கு முன்பு இருந்த வீட்டுக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை. ஒரு மாதம் சரியாகத் தூங்காமல் வேலைக்குப் போய், பிரஸ் மிஷினிடம் ஆள்காட்டி விரலின் நுனியைக் கொடுத்துவிட்டு வந்தார். இங்கே வந்த பிறகுதான் மனிதர் கண்ணை மூடுகிறார். இதை விட்டுப் போகும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஏற்கெனவே வந்த மூன்று பார்ட்டிகளையும் நான்தான் வழியனுப்பி வைத்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் கெட்டால் மூன்று நாள் தண்ணீர் வராது. மழைக்குச் சமையலறைச் சுவர் ஓதம் அடிக்கும். லிப்டில் போன வருடம் ஒருவர் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டார். உள்ளதைச் சொன்னேன். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் என்னிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள்.

நாலாவதாக வந்தவள் கௌசர். தனியாக வந்தாள். முப்பது வயது இருக்கும்.

உள்ளே ஆள் தூங்குவதைத் திம்மப்பன் சொல்லியிருக்க வேண்டும். முன்பு வந்தவர்களிடமும்தான் சொல்லியிருந்தார். அவர்கள் பெல்லை அமுக்கிக்கொண்டே நின்றார்கள்.

இவள் பெல் அடிக்கவில்லை. கதவை விரல் நகத்தால் இரண்டு முறை தட்டினாள். செருப்பைக் கையால் கழற்றி ஓரமாக வைத்தாள். போனை சைலன்ட்டில் போட்ட பிறகுதான் வாசலைத் தாண்டினாள்.

இனம் இனத்தை அறியும். இவளும் ஷிப்டுக்காரர் பெண்டாட்டிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சமையலறையைப் பேருக்கு எட்டிப் பார்த்தாள். பால்கனிப் பக்கம் திரும்பவே இல்லை. ஒருக்களித்திருந்த படுக்கையறைக் கதவருகே தலையைக் குனிந்தபடி நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எத்தன மணிக்குக்கா படுத்தாங்க?” என்று கிசுகிசுத்தாள்.

“ஏழேகாலுக்கு. ரெண்டு மணி வரைக்கும் அசைய மாட்டாரு.”

மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறார் என்று ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் அவளும் போயிருப்பாள். நுணலும் தன் வாயால் கெடும். இத்தனை நாள் நான் பட்ட பாட்டைக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் என்னால் நிறுத்த முடியவில்லை.

ஜன்னலுக்கு உள்பக்கம் இரண்டு கம்பளி அடித்திருப்பதைச் சொன்னேன். குக்கரை ஆறு மணிக்குள் இறக்கிவிடுவதைச் சொன்னேன். கீரைக்காரர் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் மட்டும் மைக்கை நிறுத்துவார், அதற்காகவே வேண்டுமோ வேண்டாமோ தினமும் ஒரு கட்டு வாங்குகிறேன் என்றேன். மேல்வீட்டு முனிலட்சுமி காலையில் கிரைண்டர் போடாமல் இருப்பதற்காக, அவள் வீட்டு மாவையும் சாயங்காலம் நானே அரைத்துக் கொடுப்பதைச் சொன்னேன்.

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. தூக்கமில்லாத புருஷனை நினைத்துக்கொள்கிறாள் போல என்று நினைத்தேன்.

“எனக்கு இந்த வீடே போதும்க்கா. இன்னைக்கே பேசி முடிச்சுக்கறேன்” என்றாள்.

எரிச்சலாக வந்தது. அவள்மேல் இல்லை, என் வாய்மேல். இவரை இனி எந்த வீட்டில் கொண்டுபோய்த் தூங்கவைப்பேன்? அவளை உட்காரச் சொல்லிவிட்டு டீ போடப் போனேன்.

டம்ளரோடு திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள்.

மடியிலிருந்த பை சரிந்தது. கீழே விழுவதற்குள் பிடித்துவிட்டேன். உள்ளே டிபன் பாக்ஸில் ஸ்பூன் உருண்டது. காலி பாக்ஸ்.

காலை ஒன்பது மணிக்குக் காலியாக இருக்கிற டிபன் பாக்ஸ் என்னவென்று எனக்குத் தெரியும். தினமும் ஒன்றைக் கழுவுகிறேன்.

பக்கத்தில் ஒரு கம்பெனி அடையாள அட்டை இருந்தது. படம் அவளுடையது.

நைட் ஷிப்ட் அவள் வீட்டுக்காரருக்கு இல்லை. அவளுக்கு.

நான் பெருமையடித்துக்கொண்டதெல்லாம் ஒருத்தர் தூங்க இன்னொருத்தர் விழித்திருந்து செய்கிற வேலை. இவளுக்கு அதைச் செய்ய யாராவது இருந்திருந்தால், வேலை முடிந்த காலோடு இப்படித் தனியாக வீடு தேடி வந்திருப்பாளா? டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

என் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. திம்மப்பன். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன்.

“என்ன பொற்கொடிம்மா, பார்ட்டி என்ன சொல்றாங்க? நான் கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கறாங்களே?”

“பிடிச்சிருச்சாம் சார்” என்றேன். “இப்ப கூப்பிடாதீங்க. மத்தியானத்துக்கு மேல அவங்களே பேசுவாங்க.”