மை ஒட்டாத விரல்

காசிமேட்டில் மீன் அறுக்கும் ஜெசிந்தா, புதிதாக வந்த, தண்ணீர் ஒட்டாத நுண்படிகப் பூச்சை ஊரில் முதல் ஆளாகத் தலைமுதல் கால்வரை பூசியிருந்தாள். உடம்பில் சொட்டு ஈரம் தங்காது. விரலிடுக்குப் புண்ணெல்லாம் போன இடம் தெரியவில்லை.

வினை வாக்குச்சாவடியில்தான் வந்தது. அதிகாரி அவள் விரலில் வைத்த மை, முத்தாக உருண்டு அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. மூன்று முறை வைத்தார். மூன்று முறையும் சட்டைதான் வாங்கிக்கொண்டது.

"மை இல்லாம ஓட்டு இல்லம்மா."

"மூணு மணி நேரம் வரிசைல நின்னுட்டு வந்துகீறேன் சார். பூசாத எடம் ஒண்ணே ஒண்ணுதான் கீது. வையி" என்று நாக்கை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு வைத்தார்.

வெளியே கட்சிக்காரர் வழிமறித்தார்: "யாருக்கும்மா போட்ட?"

ஜெசிந்தா அந்த ஊதா நாக்கை முழுசாக நீட்டிக் காட்டிவிட்டு மீன் அறுக்கப் போனாள்.