மன்னிப்புக் குறுஞ்செய்தி

"கதவத் திறந்துராதீங்க அக்கா. ஒரு அங்கிள் செருப்பக் கழட்டிக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறாரு லா."

கூட வேலை பார்க்கும் இர்வான் சிரித்தான். ரூபினி கதவின் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். கணினி அறைக் கண்ணாடிக்கு அப்பால், சுங்கை பினாங் ஊரில் பாதி கிளினிக்குக்குள் வந்து நின்றது. எல்லார் கைப்பேசியிலும் காலையில் அவள் அனுப்பிய அதே வரி: 'உங்கள் ரத்தத்தில் தொற்று அறிகுறி. உடனே வரவும்.'

போன வாரம் கோயில் மண்டபத்தில் ரத்ததானம் செய்தவர்கள் அவர்கள். தொற்று இருந்தால் முடிவு 'ரியாக்டிஃப்' என்று பதிவாகும். இல்லாவிட்டால், மலாயில் 'இல்லை' என்னும் சொல் முன்னால் சேர்ந்து, 'தீடாக் ரியாக்டிஃப்'. ரூபினி எழுதிய ரெஜெக்ஸ் என்னும் தேடல் கட்டளையில், சொல் தொடக்கத்திலேயே வர வேண்டும் என்று சொல்லும் குறி விட்டுப்போயிருந்தது. அந்தச் சொல் எங்கே இருந்தாலும் பிடித்துவிட்டது தேடல். தொற்று இல்லாதவர்களையும் சேர்த்து அள்ளிவிட்டது.

"என் வேல போச்சு தம்பி. அங்க பாரு, கைப்புள்ளய வெச்சிக்கிட்டு ஒரு பொண்ணு அழுவுது."

"அட, எனக்குந்தான் வந்துச்சு. நானும்தானே மண்டபத்துல குடுத்தேன்? நான் அழுவுறனா? மீ கோரெங் தின்னுட்டு வந்து குந்தியிருக்கேன். அந்தக் குறியப் போட்டு விடுங்க, முடிஞ்சிரும்."

சொல்லுக்கு முன்னால் ^ குறியைப் போட்டாள். இப்போது உண்மையாகவே தொற்று உள்ளவர்கள் மட்டும் தனியே பிரிந்தார்கள். ரகசியம் காக்க, திரையில் யார் பெயரும் வராது.

மற்ற அத்தனை பேருக்கும் புதிய செய்தி எழுதினாள்: 'காலையில் வந்த செய்தி தவறு. உங்கள் ரத்தத்தில் தொற்று இல்லை. மன்னிக்கவும்.' கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டினாள்.

வெளியே ஒரு கைப்பேசி கூவியது. அடுத்து இன்னொன்று. பிறகு மழை பிடித்துக்கொண்டதுபோல் கூடம் முழுக்க. அந்தப் பெண் பிள்ளையின் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அங்கிள் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தார்.

போன உயிர் திரும்பி வந்தது ரூபினிக்கு.

"தம்பி, பொழச்சேன்டா!"

சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். இர்வான் தன் கைப்பேசியைச் சட்டையில் துடைத்தான், பார்த்தான், மறுபடியும் துடைத்தான். வெளியே கூவல் அடங்கி, கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது.

"அக்கா... இங்க லைன் சரியில்ல போல. எனக்கு மட்டும் இன்னொரு தடவ அனுப்புங்க லா."