மோர்ச் சொம்பு

"வாய் வெக்கப் போறேன், மோருல கோழை மெதக்குது! தூ!" அரங்கநாதன் சொம்பைத் தள்ளிப் பிடித்தார். பாகூரில் ஊர்ப்பட்ட கரும்பு வைத்திருக்கிற மனிதருக்குக் குமட்டலில் கண்ணே கலங்கிவிட்டது.

வீட்டிலிருந்து கரும்புக் கொல்லைக்குத் தினமும் மோர் கொண்டுவருவது வேலையாள் தங்கவேல். அவனைத் தரதரவென்று வீட்டுக்கே இழுத்து வந்துவிட்டார்.

"சத்தியமா நான் துப்பலங்க" என்று அவன் அழ, அவர் மண்வெட்டியை எடுத்தார்.

"அப்பா, வேணாம்! யாருன்னு நான் கண்டுபுடிச்சித் தரேன்" என்று குறுக்கே வந்தாள் ஒரே மகள் சுவேதா. பாண்டியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் டிஎன்ஏ ஆராய்ச்சி செய்கிறவள்.

"கண்டுபுடி. அவனா இருந்தா உயிரோட வூடு போவ மாட்டான்."

கோபத்தோடே சாப்பிட உட்கார்ந்தார். "இன்னாடி கொழம்பு இது? நாய் தின்னுமா?" தட்டு மனைவி அமுதத்தின் மேல் பறந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரையும் துடைத்தாள். பார்க்கவே அருவருப்பான காட்சி. அந்த வீட்டில் அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

அந்த மோரைச் சுவேதா ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். மோரில் மாட்டு டிஎன்ஏதான் மண்டிக் கிடக்கும். அதனால் மனித டிஎன்ஏவை மட்டும் பிடிக்கிற சின்னச் சின்ன டிஎன்ஏ துண்டுகளை மென்பொருளில் வடிவமைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கவேலின் எச்சிலையும் சோதனையில் வைத்தாள். சோதனை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன்னுடையதையும் சேர்த்தாள்.

முடிவு திரையில் வந்தது. தங்கவேல் இல்லை. துப்பியது ஒரு பெண்.

அடுத்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். 'சுவேதாவுடன் பாதிக்குப் பாதி பொருத்தம். தாய் அல்லது மகள்.'

சுவேதாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

வீடு திரும்பியபோது அரங்கநாதன் கூடத்தில் காத்திருந்தார். பக்கத்தில் அமுதம் மோர்ச் சொம்போடு நின்றாள். அவள் கன்னத்தில் புதிதாக விரல் தடம்.

"இன்னாடி, எவன் துப்புனான்? பேரச் சொல்லு, வெட்டிப் போட்டுடறேன்."

சுவேதா அம்மாவின் கையிலிருந்த சொம்பை வாங்கிப் பார்த்தாள். நுரை இன்னும் அடங்கவில்லை. அப்படியே அப்பாவிடம் நீட்டினாள்.

"யாரும் துப்பலப்பா. குடிங்க."