கல் கட்டிய கூட்டாளிகள்

எனக்குப் பித்தப்பையை எடுத்த மறுநாள், அதிலிருந்த கற்களை ஒரு சின்னக் குப்பியில் போட்டு என் தம்பி சபேசனிடம் கொடுத்தார் டாக்டர். ஒன்பது வருடமாக என்னோடு பேசாதவன், எனக்கு வேறு ஆளில்லை என்பதால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வந்திருந்தான். வந்தும் என்னிடம் பேசவில்லை.

“குடல்ல இருக்கிற பாக்டீரியாவும் சேர்ந்து இந்தக் கல்லை உண்டாக்கியிருக்கலாம்” என்றார் டாக்டர்.

சபேசன் குப்பியை ஆட்டிப் பார்த்தான். “அதானே பார்த்தேன்! இவரு தனியா எந்த வேலையை முடிச்சிருக்காரு டாக்டர்?”

உண்மைதானே. சிரித்துவிட்டேன். தையல் சுரீரென்று இழுத்தது.

“வலிக்குதாண்ணே?” என்று பதறிக் குனிந்தான்.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கொத்தனார்களை மனதுக்குள் கும்பிட்டேன். வலி அதற்குள் அடங்கியிருந்தது.

“ரொம்ப வலிக்குதுடா” என்றேன். “கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு.”