பந்தியில் முதல் ஆள்

வேதியியலாளர் மங்கையர்க்கரசி மூன்று முறை வடிகட்டி வைத்த நீலக் கரைசலில், ஃபேனிலிருந்து ஒரு தூசி தவறி விழுந்தது.

உள்ளே உப்புத் துகள்கள் ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தன. சேர்ந்து உட்கார்ந்தால் படிகமாகிவிடலாம். இன்றும் உட்காராவிட்டால் மங்கையர்க்கரசி அம்மா கரைசலையே கொட்டிவிடுவார்.

"முதல்ல நீங்க உட்காருங்க," என்றது ஒரு துகள் இன்னொரு துகளிடம்.

"பெரியவங்க நீங்க நிக்கிறப்பவா?"

"எனக்குக் கால் வலிக்குதுப்பா," என்று தூசி சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அவ்வளவுதான், பக்கத்து இடத்துக்குக் கல்யாணப் பந்தி மாதிரி தள்ளுமுள்ளு! மாலைக்குள் மயில்கழுத்து நிறத்தில் படிகம் பளபளத்தது.

மங்கையர்க்கரசி துள்ளிக் குதித்தார். நோட்டில் எழுதினார்: "வெற்றிக்குக் காரணம், கரைசலில் ஒரு தூசிகூட இல்லை. அடுத்த முறை நான்கு தடவை வடிகட்ட வேண்டும்."

படிகத்தின் நடுவிலிருந்து தூசி, ஃபேனில் இருந்த சொந்தக்காரர்களைப் பார்த்துக் கத்தியது: "அடுத்த தடவையும் ஒருத்தர் இறங்கி வந்துடுங்கப்பா!"