இறைச்சிப் பை

அரைத்த மாட்டிறைச்சி இரண்டு கிலோ, மேலே பன்றிக் கொழுப்புத் துண்டுகள், நடுவே ஒரு பேஸ்மேக்கர். எங்கள் சோதனைக்கூடத்தில் மனித உடம்பு என்றால் இந்த பிளாஸ்டிக் பைதான்.

"என் பெண்டாட்டி கையில கிடைச்சிருந்தா, இந்நேரம் மேல உருளைக்கிழங்கை அடுக்கி அடுப்புல வெச்சிருப்பா" என்றார் என் மேலதிகாரி ரோல்ஃப்.

மினியாபொலிஸில் மேலதிகாரி ஜோக்கடித்தால் சிரித்துவிட வேண்டும். சிரிப்பு வந்தால்தானே!

பைக்குள் இருக்கும் அந்தக் கருவியை யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்தே, கம்பியில்லாமல், நிறுத்திவிடலாம். அதை நான் இன்று அவருக்குக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் 'பாதுகாப்பானது' என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். கருவிக்குப் பூட்டுப் போடும் வேலை அத்தோடு நின்றுபோகும்.

அதே மாதிரிக் கருவி ஒன்று மூன்று வருடமாக என் நெஞ்சிலும் இருக்கிறது.

இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே என்னை இந்த வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள், கம்பெனி விதி அப்படி. என்னைத் தூக்கிவிட்டால் இதைக் கேட்க நாதியில்லை.

அதனால் எப்போதும், கருவியைத் தேடும் ஆன்டெனாவைப் பையை ஒட்டி வைத்து, சக்தியைக் குறைத்து, நான் தள்ளி நின்றுகொள்வேன்.

"பையை ஒட்டி வெச்சுப் பிடிச்சா அதெல்லாம் ஒரு கணக்கா, ஸிக்னே? நெஞ்சை ஒட்டி எவன் வந்து நிக்கப்போறான்? குடு இப்படி. முழு சக்தியும் வை. கதவுகிட்டேர்ந்து பிடிக்குதான்னு பாப்போம்."

ரோல்ஃப் ஆன்டெனாவைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கதவை அடைத்தாற்போல் நின்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வேன்? வெளியே போகவும் வழியில்லை. என் நெஞ்சே எனக்குப் பொறியாகிவிட்டது, என்ன கொடுமை இது!

'தேடு' பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திரையில், கருவிக்கு ஒன்றாக, இரண்டு வரி வரும். மாட்டிக்கொள்வேன்.

கண்ணைத் திறந்தபோது மூன்று வரிகள் இருந்தன. மூன்றுக்கும் பக்கத்தில் 'நிறுத்து' என்று ஒரு பொத்தான்.

பையில் ஒன்று. என்னுடையது ஒன்று.

ரோல்ஃப் வந்து திரையைப் பார்த்தார். வரிகளை விரலால் ஒருமுறை எண்ணினார். அவர் காதெல்லாம் சிவந்துபோயிற்று; இடது கை தன் நெஞ்சுக்குப் போயிற்று. கையெழுத்துப் போடாமலே கடிதத்தை நான்காக மடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார்.

பிறகு விசைப்பலகை மேலிருந்த என் கையை மெல்லத் தூக்கி அப்பால் வைத்தார்.

"எதையும் தொட்டுடாதேம்மா" என்றார். "இதுல இறைச்சி எது?"